வலெட்டா: மூன்றரை நாள், ஒரு முழங்கால், ஒரு பெரிய வெள்ளி

11 ஜனவரி 2025, காலை (கேள்வி)

ஜெர்மனியில் இருக்கிறோம். ஈஸ்டருக்கு நான்கு நாள் லீவு சேர்ந்து வருகிறது. ஏப்ரல் 17 வியாழன் இரவு மால்டா போய் 21 திங்கள் இரவு திரும்புவதாக டிக்கெட் போட்டுவிட்டோம். நான், கணவர், ஐந்தரை வயது மகன், மார்ச்சில் ஊரிலிருந்து வரப்போகும் அம்மா. அம்மாவுக்கு வயது 67, முழங்கால் வலி உண்டு, சுத்த சைவம். பார்க்க நினைத்திருப்பவை: வலெட்டா, இம்தினா, மூன்று நகரங்கள், ஹைப்போஜியம், கோசோ தீவு, நீலச் சாளரம், கொமினோ, மார்சஷ்லோக்கின் ஞாயிறு மீன் சந்தை. முடியுமா? போனவர்கள் யாராவது சொல்லுங்கள்.

11 ஜனவரி, இரவு (பதில்)

முடியாது.

நீலச் சாளரத்தை முதலில் அடியுங்கள். 2017 மார்ச் 8 அன்று புயலில் அந்தப் பாறை வளைவு மொத்தமாகக் கடலுக்குள் விழுந்துவிட்டது. இன்னமும் பழைய படத்தைப் போட்டுப் பயணத் திட்டம் விற்பவர்கள் இருக்கிறார்கள். சைவ அம்மாவை மீன் சந்தைக்குக் கூட்டிப் போவது யாருடைய யோசனை என்று தெரியவில்லை, அதையும் அடியுங்கள். கோசோவுக்கு வலெட்டாவிலிருந்து வேகப் படகு இருக்கிறது, முக்கால் மணி நேரம்தான். ஆனால் போய்வர ஒரு முழு நாள் போய்விடும். கொமினோ தீவில் ஏப்ரலில் கடலில் குளிக்க முடியாத குளிர்.

மீதி இருப்பது வலெட்டா, துறைமுகத்துக்கு எதிரே மூன்று நகரங்கள், அரை நாள் இம்தினா என்ற பழைய தலைநகரம். அதுவே நிறைய. நான் 2022 செப்டம்பரிலிருந்து 2023 மே வரை பக்கத்தில் ஸ்லீமாவில் வேலை பார்த்தேன். ஒன்பது மாதமும் வாரத்துக்கு ஒரு முறையாவது படகேறி வலெட்டா போனேன். நீளவாக்கில் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர், குறுக்கே அதில் பாதிக்குச் சற்று மேல். அவ்வளவுதான் தலைநகரம். இருந்தும் எனக்கு முடியவில்லை.

12 ஜனவரி

இன்றே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது, ஹைப்போஜியம் டிக்கெட். மற்ற எதையும் கடைசி வாரத்தில் பார்த்துக்கொள்ளலாம், இதை முடியாது.

1902-ல் பாவ்லாவில் வீடு கட்ட வந்தவர்கள் தண்ணீர்த் தொட்டிக்காகப் பாறையை வெட்டும்போது கீழே உள்ளீடாக இருப்பது தெரிந்தது. மூன்று அடுக்காகக் குடைந்த நிலத்தடிக் கல்லறை. கிறிஸ்துவுக்கு முன் 4000 தொடங்கி 2500 வரை பயன்பாட்டில் இருந்தது, சுமார் 7,000 பேரின் எலும்புகள் கிடைத்திருக்கின்றன. உலோகம் தெரியாத காலத்தில், மேலே கட்டும் கோயிலின் தூண், உத்தரம், கூரை எல்லாவற்றையும் அப்படியே பாறைக்குள் செதுக்கியிருக்கிறார்கள். கூரையில் செங்காவிச் சுழல்கள். நம் மூச்சுக்காற்றே அந்தக் காவிக்கு ஆகாது என்பதால் ஒரு நடைக்குப் பத்துப் பேர் மட்டும். ஒரு நாளைக்கு எட்டு நடை. அதாவது எண்பது டிக்கெட், உலகம் முழுவதற்கும்.

நான் ஒன்பது மாதம் அங்கே இருந்தவன், ‘எப்போது வேண்டுமானாலும் போகலாம்’ என்று இருந்தே ஏழு மாதத்தைக் கோட்டை விட்டேன். கடைசியில் யாரோ வராமல் போன இடத்தில் நுழைந்தேன். கைபேசியைப் பூட்டிவைத்துவிட்டு உள்ளே போனதும் ஒரு ஈரமண் வாசம் வரும். எங்கள் ஊர் வீட்டுக் கிணற்றில் தூர்வார இறங்கியபோது அடித்த அதே வாசம். அந்தக் கிணறு ஞாபகம் வந்ததால் வழிகாட்டி ஒலியில் பாதி காதில் ஏறவில்லை.

சனிக்கிழமை 19-க்குப் போடுங்கள்.

12 ஜனவரி, ஒரு மணி நேரம் கழித்து

உங்கள் மகனுக்கு ஐந்தரை. ஆறு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கு அங்கே அனுமதி இல்லை. இவ்வளவு எழுதிய பிறகு ஞாபகம் வருகிறது.

சரி, வழி இருக்கிறது. தர்ஷீன் கோயில்கள் அங்கிருந்து பத்து நிமிட நடை. அதே மக்கள் தரைக்கு மேல் கட்டியவை, மேலே கூடாரக் கூரை போட்டிருக்கிறார்கள், பார்வையாளர் நடக்கத் தட்டையான மேடைப் பாதை. நீங்களும் கணவரும் பாறைக்குள் இறங்குங்கள், அம்மாவும் பேரனும் தர்ஷீனில் காற்று வாங்கட்டும். அம்மாவுக்கும் அந்தப் படிகள் மிச்சம். அறிமுகமில்லாத ஊரில் அம்மாவையும் குழந்தையையும் தனியே விட மனம் வராது என்றால் இரண்டு வெவ்வேறு நடைக்கு ஆளுக்கொரு டிக்கெட் எடுத்து மாறிமாறிப் போங்கள்.

15 ஜனவரி

‘எங்கே தங்குவது’ என்று கேட்டிருக்கிறீர்கள். முழங்கால் வலி என்று நீங்கள் எழுதியதை நான் முதல் நாள் ஒரு வரியாகப் படித்துவிட்டுக் கடந்துபோனேன். வலெட்டாவில் அதுதான் முதல் வரி.

ஊரின் கதை இது. 1565-ல் துருக்கியர் படை நான்கு மாதம் முற்றுகை போட்டுத் தோற்றுத் திரும்பியது. அடுத்த முறை வந்தால் பிழைக்க மாட்டோம் என்று, அப்போது மால்டாவை ஆண்ட புனித யோவான் சபை வீரர்கள் 1566 மார்ச் 28 அன்று அடிக்கல் நாட்டி ஒரு புதுக் கோட்டை நகரத்தையே கட்டினார்கள். லாபரெல்லி என்ற இத்தாலியப் பொறியாளர் சதுரங்கக் கட்டம் போல் தெருக்களை நேர்க்கோட்டில் போட்டார், கடற்காற்று உள்ளே வரவேண்டும் என்று. காற்று வருகிறது. ஆனால் நிலம் ஒரு குன்றின் முதுகு. நேர்க்கோட்டை விடாமல் போட்டதால் குறுக்குத் தெருக்கள் பல, மேலே ஏறி மறுபக்கம் இறங்கும் படிக்கட்டாகவே இருக்கின்றன.

2023 பிப்ரவரியில் அப்பா வந்தார். ‘பழைய வீடு, மர பால்கனி, துறைமுகம் தெரியும்’ என்று படத்தைப் பார்த்து மயங்கி, புனித ஊர்சுலா தெருவில் நாலு நாள் வாடகைக்கு எடுத்தேன். தெரு பாதிக்கு மேல் படிக்கட்டு. வீட்டுக்குள் சுழல் படி, லிஃப்ட் கிடையாது. ‘மூன்றாவது மாடி’ என்று போட்டிருந்ததைத் தரைத்தளத்தையும் சேர்த்து எண்ணிக்கொண்டேன். அங்கே வெள்ளைக்காரன் கணக்கு, தரைத்தளம் பூஜ்யம். அப்பா ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, சுவரில் கை வைத்து, ‘தூண்டில்காரன் கூட இவ்வளவு இழுக்க மாட்டானடா’ என்றார். மொத்தம் 71 படி. இரண்டாம் நாள் காலை அவர் எண்ணி ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி மேசையில் வைத்திருந்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. எண் மட்டும்.

மூன்றாம் நாள் தூறல். அங்குள்ள சுண்ணாம்புக்கல் தேன் நிறத்தில் அழகாக இருக்கும், நானூறு வருடக் கால் தேய்த்த படி நனைந்தால் சோப்பு. விழுந்தது அப்பா இல்லை, நான். முழங்கையில் தழும்பு இருக்கிறது.

எனவே: குன்றின் உச்சியில் ஓடும் குடியரசுத் தெருவை ஒட்டி, நகர வாசலுக்குப் பக்கத்தில், லிஃப்ட் உள்ள இடம். ‘வாசலிலிருந்து படுக்கை வரை எத்தனை படி’ என்று எழுத்தில் கேளுங்கள். மர பால்கனியைத் தெருவில் நின்று பார்க்கலாம், அதற்கு வாடகை இல்லை.

16 ஜனவரி

‘ஸ்லீமாவில் பாதி விலை, எல்லாரும் அங்கேதான் தங்குகிறார்கள், நீங்களே அங்கேதான் இருந்தீர்கள்’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நியாயம். சமதளமான கடற்கரை நடைபாதை, லிஃப்ட் உள்ள புதுக் கட்டடங்கள், மாலையில் எதிர்க்கரையில் வலெட்டா விளக்கு ஏற்றி நிற்பது தெரியும். வலெட்டாவின் சிறந்த காட்சி வலெட்டாவில் இல்லை, ஸ்லீமாவில்தான் இருக்கிறது.

அப்புறம் ஏன் வேண்டாம் என்கிறேன்? ஸ்லீமா படகு வந்து நிற்பது குன்றின் அடிவாரத்தில். அங்கிருந்து மேலே ஏறியாக வேண்டும். ஊரைச் சுற்றும் 133 பேருந்து இருக்கிறது, அது வரும்போது வரும். இதைத் தினம் இரண்டு வேளை அம்மாவிடம் கேட்பீர்களா?

இன்னொன்று, கொஞ்சம் சுயநலமான காரணம். கப்பலில் வந்த கூட்டம் மாலை ஐந்து மணிக்குக் கிளம்பிப் போன பிறகுதான் வலெட்டா ஊராக மாறும். சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டு ஒரு பாட்டி மூன்றாம் மாடியிலிருந்து கயிறு கட்டிய கூடையை இறக்குவார், கீழே ரொட்டிக்காரர் அதில் ரொட்டியைப் போடுவார். நான் ஒவ்வொரு முறையும் கடைசிப் படகைப் பிடிக்க ஓடியவன். அந்த நேரத்தை நீங்களாவது முழுசாகப் பாருங்கள்.

19 ஜனவரி

நிறுத்துங்கள். நான் எழுதிய வரிசை எல்லாம் தப்பு.

காலண்டரைப் பார்த்தேன். ஏப்ரல் 18 பெரிய வெள்ளி. ஈஸ்டர் என்று நீங்கள் முதல் வரியிலேயே எழுதியிருக்கிறீர்கள், கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த எனக்கு உறைக்கவில்லை. தூத்துக்குடிக்காரன் என்று வெளியே சொல்ல வேண்டாம்.

பெரிய வெள்ளியன்று மால்டா மூடிக் கிடக்கும். அருங்காட்சியகம், கோட்டை, ஹைப்போஜியம், எல்லாம். புனித யோவான் இணைப் பேராலயம் ஞாயிறும் அரசு விடுமுறை நாளும் சுற்றுலாக்காரர்களுக்குக் கிடையாது. ஹைப்போஜியத்துக்குக் கடைசி நேர டிக்கெட் என்று ஒன்று உண்டு, முந்தைய நாள் எல்மோ கோட்டையில் கூடுதல் விலைக்கு. சனிக்கிழமைக்கு அதை நம்ப முடியாது, முந்தைய நாள் கோட்டைக் கதவே திறக்காது. (டிக்கெட் எடுத்துவிட்டீர்களா இல்லையா? இன்னும் பதில் இல்லை.)

ஆனால் ஒரு அதிர்ஷ்டம். ஈஸ்டர் திங்கள் உங்கள் ஜெர்மனியில் விடுமுறை, மால்டாவில் சாதாரண வேலை நாள். உங்கள் விமானமோ திங்கள் இரவு. பெட்டியைத் தங்கிய இடத்தில் விட்டுவிட்டுக் காலை ஒன்பதரைக்குப் பேராலயம்.

புது வரிசை: வெள்ளி பகல் ஊரைச் சும்மா நடப்பது, மாலையில் பவனி. சனி காலை ஹைப்போஜியமும் தர்ஷீனும், பகல் பன்னிரண்டு மணிக்குப் பீரங்கி வெடிப்பதைப் பார்க்க ‘மேல் பராக்கா’ தோட்டத்துக்குத் திரும்ப முடிந்தால் நல்லது, இல்லாவிட்டால் நாலு மணிக்கு இன்னொரு முறை வெடிப்பார்கள். ஞாயிறு காலை மூன்று நகரங்களில் ஒன்றான பிர்கு. திங்கள் பேராலயம். இம்தினா? அடித்துவிட்டேன். அம்மா திட்டினால் என் பேரைச் சொல்லுங்கள்.

19 ஜனவரி, தொடர்ச்சி

பவனி என்றேன், விளக்காமல் விட்டேன். வலெட்டாவில் பெரிய வெள்ளிப் பவனி தா ஜேசு என்ற பிரான்சிஸ்கன் கோயிலிலிருந்து கிளம்பும். பாடுகளின் ஒவ்வொரு காட்சிக்கும் ஆள் உயரச் சுரூபம், மரச் சப்பரத்தில், தோளில். 2023-ல் நின்று பார்த்தேன். கோயில் மணி அன்று அடிக்காது. சுமப்பவர்கள் நிற்கும்போது கவைக்கோலை ஊன்றிப் பாரத்தை இறக்குவார்கள், அந்தக் கட்டை கல்லில் மோதும் சத்தம் ஒன்றாகக் கேட்கும். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது அந்தச் சத்தத்துக்குத்தான். சங்கிலியைக் காலில் கட்டி இழுத்துக்கொண்டு நடக்கும் முகமூடிக்காரர்களும் வருவார்கள். பையன் பயப்படக்கூடும், முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

ஞாயிறு இதற்கு நேர் எதிர். பிர்குவில் உயிர்த்த ஆண்டவர் சுரூபத்தைத் தோளில் வைத்துக்கொண்டு மேட்டில் ஓடுவார்கள். நடப்பது இல்லை, ஓட்டம். கூட்டம் கைதட்டும். எங்கள் ஊர்ப் பெரிய கோயிலில் இப்படிச் செய்தால் பங்குத்தந்தைக்கு மாரடைப்பு வரும்.

2 பிப்ரவரி

டிக்கெட் எடுத்துவிட்டதாகச் சொல்லியிருக்கிறீர்கள், சனி காலை இரண்டு. நல்லது.

சில்லறை விஷயங்கள். மால்டாவில் பிரிட்டிஷ்காரன் விட்டுப்போன மூன்று முள் சதுரச் சொருகி. உங்கள் ஜெர்மன் சார்ஜரும் பொருந்தாது, அம்மா ஊரிலிருந்து கொண்டுவரும் எதுவும் பொருந்தாது. சாலையில் இடப்பக்கம் ஓட்டுவார்கள். அம்மா சரியாகக் கடந்துவிடுவார், ஜெர்மனியில் வளரும் பையன்தான் தப்பான பக்கம் பார்ப்பான், கையைப் பிடியுங்கள். பேருந்து டிக்கெட் நான் இருந்தபோது குளிர்காலக் கணக்கில் இரண்டு யூரோ, இரண்டு மணி நேரத்துக்குள் எத்தனை மாறினாலும் அதே டிக்கெட். ஆனால் நிரம்பிவிட்டால் நிறுத்தத்தில் நிற்காமல் போவார்கள். ஒரு மழை நாளில் மூன்று பேருந்து என்னைக் கடந்து போயின, மூன்றாவது ஓட்டுநர் கையை மட்டும் விரித்துக் காட்டினார். சனி காலை ஹைப்போஜியத்துக்கு டாக்ஸி பிடியுங்கள். தாமதமாகப் போனால் உள்ளே விட மாட்டார்கள், பணமும் திரும்பாது.

எல்லைச் சோதனை இல்லாத ஷெங்கன் நாடுகளுக்குள் பயணம் என்றாலும் அம்மா பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும்.

10 பிப்ரவரி

இன்று வலெட்டாவில் புனித பவுல் கப்பல் உடைந்த திருநாள். ரோமாபுரிக்குக் கைதியாகப் போகும் வழியில் மால்டாவில் கரை ஒதுங்கியதாக வேதாகமத்தில் வருகிறதே, அதற்கு ஒரு அரசு விடுமுறை. அப்பா வந்தபோது இந்த நாள்தான். மாடிகளிலிருந்து மூட்டை மூட்டையாகக் காகிதத் துண்டு கொட்டுவார்கள். தெரு வெள்ளையாகிவிடும். அப்பா சட்டைப் பையில் ஊர் திரும்பிய பிறகும் காகிதம் இருந்தது.

எழுத வந்தது அது இல்லை. அன்று பக்கத்தில் நின்ற ஒரு கிழவர் ஜெபம் சொன்னார். ‘அல்லா’ என்று காதில் விழுந்ததும் அப்பா என்னை இடித்தார். ‘கிறிஸ்தவன்தானே இவன்?’ ஆமாம், மால்டிய மொழியில் கடவுளுக்கு அல்லா. தவக்காலத்துக்கு ரண்டான், ரமலானிலிருந்து வந்தது. தண்ணீர் இல்மா, ரொட்டி ஹொப்ஸ், சூரியன் ஷெம்ஷ். அரபு வேர், நடுவில் சிசிலி இத்தாலியம், கடைசியில் ஆங்கிலம், எழுதுவது ரோமன் எழுத்தில். ஐரோப்பிய ஒன்றியத்தின் அலுவல் மொழிகளில் அரபும் சேர்ந்த செமிட்டிக் குடும்பத்துக்காரர் இவர் ஒருவர்தான். இது தெரியாமல் பெயர்ப்பலகையை ஆங்கிலமாகப் படித்தால் ஒரு ஊருக்கும் போய்ச்சேர மாட்டீர்கள். எக்ஸ் எழுத்தை ‘ஷ’ என்று படியுங்கள். துறைமுகத்துச் சிறு படகின் பெயரை எழுதியிருப்பதைப் பார்த்தால் நாக்கு சுளுக்கும், சொல்வது ‘தைசா’.

ஒன்பது மாதத்தில் நான் கற்றது ‘கிராட்சி’ மட்டும், அதுவும் இத்தாலியம்.

1 மார்ச்

சாப்பாடு. அம்மாவின் சைவம் முட்டை, சீஸ் எதுவரை என்று நீங்கள் சொல்லவில்லை, கடுமையானது என்றே வைத்துக்கொள்கிறேன்.

பாஸ்டிட்ஸி என்று ஒரு பலகாரம், படகு வடிவில், அடுக்கடுக்காக உதிரும் மாவுக்குள் பட்டாணியோ ரிக்கோட்டா சீஸோ. நான் இருந்தபோது விலை ஒரு யூரோவைத் தொடாது. பட்டாணி என்றதும் சைவம் என்று வாங்கிவிடாதீர்கள். மாவைப் பன்றிக் கொழுப்பில் அடுக்கும் வழக்கம் உண்டு, கேளுங்கள். மார்கரின் போட்டுச் செய்பவர்களும் இருக்கிறார்கள். நான் கேட்காமலேயே ஆறு மாதம் தின்றேன், என் கதை வேறு.

கவலையில்லாமல் தரக்கூடியது பிஜில்லா. ஒரு வகைப் பயற்றை வேகவைத்துப் பூண்டு, எண்ணெய் போட்டு மசித்தது, ரொட்டியில் தடவிச் சாப்பிடுவது. மொச்சை மசியல் என்று அம்மாவிடம் சொல்லுங்கள், ஏறக்குறைய அதுதான். தக்காளி விழுது, ஆலிவ் எண்ணெய், கேப்பர் என்ற ஊறவைத்த மொட்டு போட்ட ரொட்டியும் நன்றாக இருக்கும். ‘டூனா வேண்டாம்’ என்று முதலிலேயே சொல்லுங்கள், சொல்லாவிட்டால் போட்டுவிடுவார்கள். நகர வாசல் பக்கம் இம்காரெட் பொரிப்பார்கள், பேரீச்சம்பழப் பூரணம் வைத்தது, சோமாசிக்கு ஒன்றுவிட்ட தம்பி. எண்ணெய்ச் சட்டியில் வேறு என்ன பொரிகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஈஸ்டர் நேரம் ஃபிகொல்லா கிடைக்கும். பாதாம் பூரணம் வைத்து மீன், முயல், இதயம் என்று உருவம் வெட்டிய பெரிய பிஸ்கட், மேலே கலர் சர்க்கரை. முட்டை உண்டு. பையனுக்கு.

வெள்ளிக்கிழமை கடை பல மூடியிருக்கும். வியாழன் இரவே புளியோதரை கட்டிக்கொண்டு போங்கள். இதைச் சொல்ல நான் தேவையில்லை, அம்மா ஏற்கனவே முடிவு செய்திருப்பார்.

23 மார்ச்

‘பேராலயத்துக்கு 15 யூரோ கொடுத்து ஒரு படம் பார்க்க வேண்டுமா’ என்று கேட்டவருக்கு (15 யூரோ நான் போனபோது இருந்த விலை).

வேண்டும். 1608-ல் கரவாஜ்ஜோ என்ற இத்தாலிய ஓவியர் வரைந்த திருமுழுக்கு யோவானின் தலைவெட்டு. அகலம் ஐந்து மீட்டருக்கு மேல். ரோமில் கொலை செய்துவிட்டு ஓடிவந்த ஆள், 1607-ல் மால்டா சேர்ந்தார், அடுத்த ஜூலையில் சபை வீரராகவே பட்டம் வாங்கிவிட்டார். படத்தில் பாதி வெறும் சுவர், இருட்டு. ஒரு ஓரத்தில் கொலை நடக்கிறது, இன்னும் முடியவில்லை, கழுத்து முழுசாக அறுபடவில்லை. வெட்டுகிறவன் இடுப்புக் கத்தியை எடுக்க முதுகுக்குப் பின்னால் கையை விடுகிறான். தாம்பாளத்தோடு ஒரு பெண் காத்திருக்கிறாள், சந்தையில் கறி வாங்க நிற்பது போல. தரையில் ஒழுகிய ரத்தத்தில் ஓவியர் தன் பெயரை எழுதியிருக்கிறார். அவர் கையெழுத்திட்டதாகத் தெரிந்த ஒரே படம் இது.

சில மாதத்தில் மறுபடி ஒரு அடிதடி, எதிர்க்கரை ஆஞ்சலோ கோட்டையில் சிறை, அங்கிருந்து தப்பி சிசிலிக்கு ஓட்டம். டிசம்பர் 1 அன்று சபை அவரை விலக்கியது. அந்தக் கூட்டம் நடந்த அறை, படம் மாட்டியிருந்த அதே அறை. அந்த அறையில்தான் நீங்கள் நிற்கப் போகிறீர்கள்.

நான் முதல் தடவை மூன்று நிமிடம் பார்த்தேன், அப்புறம் தங்க வேலைப்பாட்டைப் போட்டோ எடுக்கப் போய்விட்டேன். மூன்றாம் தடவைதான் வலப்பக்கச் சன்னல் கம்பிக்குப் பின்னால் இரண்டு கைதிகள் எட்டிப் பார்ப்பதைக் கவனித்தேன். அவர்கள் இருக்கும் தூரத்தில்தான் நாமும் இருக்கிறோம்.

அம்மாவுக்கு உட்கார இடம் இருக்கிறது. தரை முழுக்கச் சபை வீரர்களின் நானூறு சொச்சம் பளிங்குக் கல்லறைகள், எலும்புக்கூடெல்லாம் வண்ணக் கல்லில் இழைத்தது. குதிகால் கூர்மையான செருப்புக்கு அனுமதி இல்லை, கல் கீறும்.

9 ஏப்ரல்

பிர்கு போவது பற்றி ஒரு திருத்தம். மேல் பராக்காவிலிருந்து லிஃப்டில் 58 மீட்டர் இறங்கினால் படகுத்துறை பக்கம் என்று எங்கோ எழுதியிருந்தேன். சரிதான், முழங்காலுக்கு அந்த லிஃப்ட் வரம், 2012-ல் திறந்தது. ஆனால் காற்று அடித்தால் படகு நிற்கும். வடகிழக்கிலிருந்து வரும் ‘கிரிகால்’ துறைமுக வாய்க்குள்ளேயே நேராக நுழையும். அப்பாவோடு ஒரு நாள் பிர்குவில் மாட்டிக்கொண்டு, கண்ணுக்கு எதிரே பத்து நிமிடத் தூரத்தில் தெரிந்த வலெட்டாவுக்குத் துறைமுகத்தைச் சுற்றிப் பேருந்தில் ஒரு மணி நேரம் வந்தேன். ஞாயிறு காலை காற்றைப் பாருங்கள். அமைதியாக இருந்தால் பெரிய படகு வேண்டாம், தைசாவில் போங்கள். பையனுக்கு அது போதும், மொத்தப் பயணத்துக்கும்.

எங்கோ எழுதியிருந்தேன் என்றேன், தேடிப்பார்த்தால் எங்கும் எழுதவில்லை. மனசுக்குள் எழுதியிருக்கிறேன்.

24 ஏப்ரல்

திரும்பி வந்தவர் நீளமாக எழுதியிருக்கிறார். அதிலிருந்து நான் இரண்டு விஷயம் மட்டும்.

ஒன்று, அம்மாவின் முழங்கால். அவ்வளவு எச்சரித்தேன். பவனி பார்க்க நல்ல இடம் தேடி, சொல்லாமல் கொள்ளாமல் ஒரு படிக்கட்டுத் தெருவில் பாதி ஏறி, ஒரு வீட்டு வாசற்படியில் அந்த வீட்டுப் பாட்டியோடு உட்கார்ந்துவிட்டாராம். பாட்டிக்குத் தமிழ் தெரியாது, அம்மாவுக்கு மால்டியம் தெரியாது, ஒன்றரை மணி நேரம் பேசியிருக்கிறார்கள். என் 15 ஜனவரிக் குறிப்பை வாபஸ் வாங்கவில்லை. அப்பாவின் 71 படி அப்படியேதான் இருக்கிறது.

இரண்டு, திங்கட்கிழமை. பேராலயத்துக்குள் இருந்தபோது ஊழியர் ஒருவர் இன்னொருவர் காதில் ஏதோ சொன்னதையும் அவர் சிலுவை போட்டுக்கொண்டதையும் பார்த்திருக்கிறார்கள். வெளியே வந்து டாக்ஸி ஏறிய பிறகுதான் ரேடியோவில் புரிந்தது, போப் பிரான்சிஸ் காலையில் காலமாகிவிட்டார். ‘யாருக்கு என்னவாம்’ என்று அம்மா கேட்க, ஓட்டுநர் புரிந்துகொண்டது போல் ரேடியோவைக் குறைத்துவிட்டு ‘பாப்பா’ என்றாராம். அம்மா தன் பேரனைச் சொல்கிறார் என்று நினைத்து, ‘தூங்குகிறான்’ என்று சைகை காட்டியிருக்கிறார்.

இம்தினா போகாததற்கு அம்மா திட்டவில்லையாம். கணவர்தான் திட்டினார் என்கிறார். அவரை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

3 ஜூன்

‘இதே திட்டம் ஆகஸ்டுக்குச் சரிவருமா, கைக்குழந்தையோடு?’ என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார்.

வராது. நிழலே இல்லாத கல் ஊர், பகல் முழுக்க வாங்கிய சூட்டை ராத்திரி திருப்பிக் கொடுக்கும். நவம்பருக்குத் தள்ளுங்கள். தள்ளுவண்டியை வீட்டிலேயே விட்டுவிட்டுக் குழந்தையை முதுகில் கட்டிக்கொள்ளுங்கள், ஏன் என்று 15 ஜனவரிக் குறிப்பில் இருக்கிறது. ஹைப்போஜியம் டிக்கெட்டை இப்போதே பாருங்கள். குழந்தையை உள்ளே விட மாட்டார்கள், ஆளுக்கொரு நடை எடுங்கள்.